அர்ஜென்டினாவின் டொமிங்கோ கவாயோ: காப்பாற்றியவரா, கவிழ்த்தவரா?

கேள்வி இதுதான்: "பணவீக்கத்தை அடக்கியவர் என்று அர்ஜென்டினாவின் பழைய பொருளாதார அமைச்சர் டொமிங்கோ கவாயோவைச் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். மக்களின் வங்கிப் பணத்தை முடக்கிய பாவி என்று வேறு சிலர் திட்டுகிறார்கள். இருவரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்களா? எது உண்மை?"

ஒரே ஆள்தான். இரண்டும் நடந்ததுதான். சுருக்கமாகக் கேட்டால், 1991-ல் நாட்டின் நாணயத்தை டாலரோடு கட்டிப்போட அவர் கொண்டுவந்த சட்டம் பலித்ததற்கும் 2001-ல் அதே சட்டம் நாட்டின் கழுத்தை நெரித்ததற்கும் காரணம் ஒன்றே. அதிலிருந்து வெளியேற அவர் வழி வைக்கவில்லை. வழி இல்லை என்று தெரிந்ததால்தான் மக்கள் அதை நம்பினார்கள். வழி இல்லாததால்தான் பின்னால் மூச்சு முட்டியது. பூட்டுப் போட்டவரே பத்து வருடம் கழித்துப் பூட்டின உள்பக்கத்தில் மாட்டிக்கொண்டார் என்பதுதான் இதில் விசேஷம். இனி விரிவாகப் பார்க்கலாம்.

கவாயோ 1946-ல் கோர்டோபா மாகாணத்தில் உள்ள சான் ஃபிரான்சிஸ்கோ என்ற ஊரில் பிறந்தவர். தலைநகர் பியூனஸ் அயர்ஸின் பெரிய குடும்பங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கோர்டோபாவில் கணக்கியலும் பொருளாதாரமும் படித்துவிட்டு ஹார்வர்டுக்குப் போய் 1977-ல் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்ததும் கோர்டோபா தொழிலதிபர்கள் பணம் போட்டு நடத்திய மெடிட்டரேனியா அறக்கட்டளையின் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரானார். ஒரு பேராசிரியரைப் போல எழுதிக்கொண்டிருக்காமல், ஆட்சி கைக்கு வந்தால் மறுநாளே வேலையைத் தொடங்கத் தயாரான ஒரு குழுவை அங்கே சேர்த்து வைத்தார். பின்னால் அவருடைய அமைச்சகத்தின் முக்கிய நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் பலரும் அங்கிருந்து வந்தவர்கள்.

முதல் பதவி ராணுவ ஆட்சியில். அர்ஜென்டினா பிரிட்டனிடம் ஃபாக்லாந்து போரில் தோற்ற கையோடு 1982 ஜூலையில் மத்திய வங்கித் தலைவராக உட்கார்ந்தார். இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அந்தக் குறுகிய காலம் இன்றுவரை அவரைத் துரத்துகிறது. தனியார் கம்பெனிகள் வெளிநாட்டில் வாங்கிய டாலர் கடனின் சுமை, செலாவணிக் காப்பீடு என்ற ஏற்பாட்டின் வழியாக (டாலர் விலை ஏறினால் அந்த நட்டத்தை அரசு ஏற்றுக்கொள்ளும்), அரசின் தலையில் வந்து விழுந்தது அந்த ஆண்டுகளில்தான். அந்த ஏற்பாடு அவருக்கு முன்பே தொடங்கியது, அவர் போன பின்பும் தொடர்ந்தது. முழுப் பழியையும் அவர்மேல் போடுவது நியாயமில்லை, முற்றிலும் கை கழுவிவிடவும் முடியாது.

1987-ல், முன்னாள் அதிபர் ஹுவான் பெரோன் தொடங்கிய பெரோனிசக் கட்சியின் பட்டியலில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1989-ல் அதே கட்சியின் கார்லோஸ் மெனெம் அதிபரானபோது கவாயோவுக்குக் கிடைத்தது வெளியுறவுத் துறை. போருக்குப் பின் அறுந்துபோயிருந்த பிரிட்டன் உறவை 1990 பிப்ரவரியில் மாட்ரிட் பேச்சுவார்த்தை மூலம் மீட்டது அவர் காலத்தில்தான். நல்ல வேலைதான். ஆனால் அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு அவர் பெயர் உங்கள் காதில் விழுந்திருக்காது.

அன்றைய அர்ஜென்டினாவில் விலைவாசி எப்படி இருந்தது என்று தெரியாமல் 1991-ஐப் புரிந்துகொள்ள முடியாது. 1989 ஜூலை என்ற ஒரே மாதத்தில் விலைகள் ஏறத்தாழ 200 சதவீதம் ஏறின. வருடத்துக்கு அல்ல, மாதத்துக்கு. சூப்பர் மார்க்கெட்டில் விலைச்சீட்டு ஒட்டும் கைக்கருவியின் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். பழைய சீட்டின்மேல் புதிய சீட்டு, அதன்மேல் இன்னொன்று. ஊழியர் ஒட்டிக்கொண்டு வருவதற்கு முன்னால் அந்த வரிசையைப் பிடித்துவிட வாடிக்கையாளர்கள் ஓடுவார்கள். சம்பளம் வந்த அன்றே அரிசி, எண்ணெய், சோப்பு என்று வாங்கி அடுக்கிவிட வேண்டும். மிச்சத்தை டாலராக மாற்றிக்கொள்ள வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் போச்சு. கடைகள் சூறையாடப்பட்டன. முந்தைய அதிபர் ரவுல் அல்ஃபோன்சின் தன் பதவிக்காலம் முடியும் முன்பே விலகிப் போனார்.

மெனெம் வந்தும் நிலைமை உடனே மாறவில்லை. அவருடைய முதல் பொருளாதார அமைச்சர் பதவியேற்ற சில நாளிலேயே இறந்துவிட்டார். அடுத்தவரும் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்றாவதாக வந்த எர்மான் கொன்சாலெஸ் 1990 புத்தாண்டு சமயத்தில் ஒரு காரியம் செய்தார். வங்கிகளில் இருந்த குறித்தகால வைப்புகளை எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பத்தாண்டு கடன் பத்திரத்தைக் கையில் கொடுத்தார். போனெக்ஸ் திட்டம் என்று அதற்குப் பெயர். பணம் போட்டவன் காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2001-ல் அர்ஜென்டினாக்காரர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் வங்கிக்கு ஓடினார்கள் என்பதற்கு இது பாதிப் பதில்.

சரி, கவாயோவுக்கு வருவோம். 1991 தொடக்கத்தில் பொருளாதார அமைச்சகம் அவர் கைக்கு வந்தது. ஏப்ரல் 1-ம் தேதி நாணய மாற்றுச் சட்டம் அமலுக்கு வந்தது. அன்றைய நாணயமான ஆஸ்ட்ரலில் 10,000 ஒரு டாலருக்குச் சமம், கேட்பவருக்கு மத்திய வங்கி அந்த விலையில் டாலர் கொடுத்தே ஆக வேண்டும். 1992 ஜனவரியில் நாலு பூஜ்யத்தை வெட்டிவிட்டுப் பெசோ என்ற புதிய நாணயம் வந்ததும் கணக்கு இன்னும் சுலபமானது. ஒரு பெசோ, ஒரு டாலர்.

நாணயத்தை டாலரோடு கட்டிப்போடுவது புதிதல்ல, பல நாடுகள் செய்திருக்கின்றன. கவாயோ அதைச் செய்த விதம்தான் வேறு. முதலாவது, அதை மத்திய வங்கியின் அறிவிப்பாக விடாமல் நாடாளுமன்றச் சட்டமாக்கினார். மாற்ற வேண்டுமென்றால் மீண்டும் நாடாளுமன்றம் போக வேண்டும். அந்த விவாதம் தொடங்கிய மணி நேரத்திலேயே வங்கிகள் காலியாகிவிடும் என்பதால் நடைமுறையில் யாரும் தொடத் துணியமாட்டார்கள். இரண்டாவது, புழக்கத்தில் விடும் பணத்துக்கு ஈடான அந்நியச் செலாவணிக் கையிருப்பு இருந்தாக வேண்டும் என்று விதித்தார். அரசுக்குப் பணம் போதவில்லை என்றால் நோட்டு அடிக்க முடியாது. மூன்றாவதுதான் முக்கியமானது. விலைவாசிக்கு ஏற்ப ஒப்பந்தத் தொகைகளைத் தானாக ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தைத் தடைசெய்துவிட்டு, டாலரிலேயே ஒப்பந்தம் போடலாம், டாலரிலேயே வங்கிக் கணக்கு வைக்கலாம், கடன் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்.

மக்கள் அந்தக் கதவு வழியாகக் கூட்டம் கூட்டமாக நுழைந்தார்கள். வீட்டுக்கடன் டாலரில், கார் தவணை டாலரில், கம்பெனிகளின் கடன் டாலரில். வருமானம் மட்டும் பெசோவில். ஒன்றுக்கு ஒன்று என்றிருக்கும்வரை இதில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒவ்வொரு டாலர் கடனும் அந்தச் சட்டத்துக்கு ஒரு புது ஆணி. பெசோவின் மதிப்பு இறங்கினால் கடன் வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் திவாலாகும். ஆகவே எந்த அரசும் இறக்காது. ஆகவே தைரியமாக இன்னும் கடன் வாங்கலாம். தர்க்கம் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

பலன் உடனடி. 1990-ல் ஆண்டுச் சராசரியில் 2,300 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1994-ல் 4 சதவீதம். 1995 முடிவில் அமெரிக்க அளவுக்கே வந்துவிட்டது. முதல் நாலு ஆண்டுகளில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. பல வருடக் கடன் என்ற ஒன்று மறுபடி பிறந்தது. விலைச்சீட்டுக் கருவியின் சத்தம் நின்றது. இதை நேரில் அனுபவித்தவர்கள் கவாயோவை மந்திரவாதி என்று நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எண்ணெய் நிறுவனம் ஒய்.பி.எஃப்., எரிவாயு, மின்சாரம் என்று அரசுச் சொத்துகள் விற்கப்பட்டு டாலர் வந்து கொட்டியதும் இதே காலத்தில்தான். அந்த வருமானம் இருந்தவரை பட்ஜெட்டில் இருந்த ஓட்டைகள் வெளியே தெரியவில்லை.

பளபளப்புக்குக் கீழே என்ன நடந்தது என்பதை அன்றைக்கே சுட்டிக்காட்டியவர்கள் உண்டு. இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன், இரண்டிலும் எதிரே நின்றது ஒரு பெண்.

முதல் காட்சி 1991-ல், நாடாளுமன்ற வளாகத்தில். ஓய்வூதியம் போதாமல் தெருவில் இறங்கிப் போராடிய முதியவர்களின் தலைவி நோர்மா ப்ளா அமைச்சரை நேருக்கு நேர் பிடித்துக்கொண்டார். இந்தக் காசில் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்க, கேமராக்களுக்கு முன்னாலேயே கவாயோ கண்கலங்கிவிட்டார். நடிப்பு என்று அப்போதே பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அழுதது நிஜம், ஆனால் அந்த அழுகையால் பட்ஜெட்டில் ஒரு பெசோவும் நகரவில்லை, அதுவும் நிஜம்.

இரண்டாவது 1994-ல். சுசானா தொராதோ என்ற சமூகவியல் ஆய்வாளர், வேலையின்மை கூடிக்கொண்டே போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் வேலை பார்த்தது அரசின் அறிவியல் ஆய்வு மன்றத்தில். போய்ப் பாத்திரம் கழுவட்டும் என்றார் கவாயோ. நாடே கேட்டது. ஆய்வாளர்கள் பாத்திரம் கழுவியே எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதக் கணக்கு வந்தபோது வேலையின்மை 18.4 சதவீதம்.

ஏன் இவ்வளவு ஏறியது? பெசோ வலுவாக இருந்ததால் வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்கியது, உள்ளூர்ப் பட்டறைகள் மூடிக்கொண்டன. விற்கப்பட்ட அரசு நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. போதாக்குறைக்கு 1994 டிசம்பரில் மெக்சிகோவின் நாணயம் சரிந்ததும், அடுத்தது நீதானே என்று உலகச் சந்தை அர்ஜென்டினாவைப் பார்த்தது. சில மாதங்களில் வங்கி வைப்புகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வெளியேறியது. கவாயோ அசரவில்லை. சர்வதேச நிதியத்திடம் கடன் வாங்கி, செலவை வெட்டி, நாணயத்தைக் காப்பாற்றிக் காட்டினார். மே மாதம் மெனெம் மறுபடி ஜெயித்தார். என் கணக்கில் கவாயோவைக் கெடுத்தது இந்த வெற்றிதான். இந்தப் புயலையே தாண்டிவிட்டோம், இனி எதையும் தாண்டலாம் என்ற எண்ணம் அவருக்கும் நாட்டுக்கும் வந்துவிட்டது.

அதோடு 1994-ல் அவர் செய்த ஓய்வூதியச் சீர்திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். வேலை பார்ப்பவர்களின் பங்களிப்பைத் தனியார் ஓய்வூதிய நிறுவனங்களுக்குத் திருப்பிவிட்டார். ஏற்கனவே ஓய்வு பெற்றவர்களுக்கோ அரசுதான் தொடர்ந்து கொடுக்க வேண்டும். வரவு போய்விட்டது, செலவு மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பள்ளத்தை அரசு கடன் வாங்கி நிரப்பியது. கடன் கொடுத்தவர்களில் அதே தனியார் ஓய்வூதிய நிறுவனங்களும் உண்டு! நோட்டு அடிக்க முடியாத நாட்டில் இப்படி ஒரு நிரந்தரப் பள்ளத்தை வெட்டிவைத்தவரும் கவாயோதான். பின்னாளில் அரசியல்வாதிகளின் ஊதாரித்தனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்லும்போது இதைக் கேட்கத் தோன்றும்.

1995 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசி, ஆல்ஃபிரெதோ யப்ரான் என்ற அஞ்சல் துறைத் தொழிலதிபரை மாஃபியா தலைவர் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். யப்ரான் யாரென்றே அதுவரை பொதுமக்களுக்குத் தெரியாது. ஆனால் ஆட்சியில் செல்வாக்கு உள்ளவர். உட்கார்ந்த கிளையையே வெட்டிய மாதிரி ஆயிற்று. அடுத்த ஜூலையில் மெனெம் கவாயோவை வெளியே அனுப்பிவிட்டார். 1997-ல் யப்ரானைக் கடற்கரையில் படம் பிடித்திருந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோசே லூயிஸ் கபேசாஸ் கொலையானார். அந்த வழக்கில் கைது செய்ய வந்தபோது யப்ரான் தற்கொலை செய்துகொண்டார், அது 1998 மே மாதம். கவாயோ கற்பனை செய்து பேசவில்லை என்று அப்போது பலருக்குப் புரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவருடைய துணிச்சலுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பதவி போனாலும் புகழ் போகவில்லை. ஈக்வடார் அதிபர் அப்தாலா புகாராம் அவரை ஆலோசகராக அழைத்தார். அங்கேயும் அதே மாற்றுச் சட்டம்தான் மருந்து. ஆனால் 1997 பிப்ரவரியில் புகாராமையே தூக்கி எறிந்துவிட்டார்கள். 1998-ல் ரூபிள் விழுந்தபோது மாஸ்கோவும் அவரைக் கூப்பிட்டு யோசனை கேட்டது. உள்ளூரில் சொந்தக் கட்சி தொடங்கி 1999 அதிபர் தேர்தலில் நின்று பத்து சதவீதம் வாக்கு வாங்கி மூன்றாவதாக வந்தார். 2000-ல் பியூனஸ் அயர்ஸ் நகரத் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டு இரண்டாவது.

இதற்குள் பூட்டு இறுகத் தொடங்கியிருந்தது. 1999 ஜனவரியில் பக்கத்து நாடான பிரேசில் தன் நாணயத்தை மிதக்கவிட்டது, அது சடசடவென்று விழுந்தது. அர்ஜென்டினாவின் மிகப்பெரிய வாடிக்கையாளர் பிரேசில்தான். அங்கே அர்ஜென்டினாச் சரக்கு ஒரே ராத்திரியில் விலை ஏறிய மாதிரி ஆனது. உலகச் சந்தையில் டாலரும் வலுத்துக்கொண்டே போனது, கூடவே பெசோவும். வேறு நாடாக இருந்தால் நாணயத்தைக் கொஞ்சம் இறக்கிச் சமாளித்திருக்கும். இங்கே இறக்க முடியாது. அப்படியானால் சம்பளமும் விலையும் இறங்க வேண்டும், அதாவது வருடக்கணக்கில் மந்தம். 1998 நடுவில் தொடங்கிய மந்தம் 1999, 2000 என்று நீண்டது. வரி வருமானம் குறைந்தது, கடன் மட்டும் டாலரில் அப்படியே நின்றது.

இருந்தும் 1999 அதிபர் தேர்தலில் மெனெமின் எதிரணி வேட்பாளர் ஃபெர்னாண்டோ டெ லா ருவா தன் விளம்பரத்தில் மக்களுக்குக் கொடுத்த உறுதி என்ன தெரியுமா? என் ஆட்சியிலும் ஒரு பெசோ ஒரு டாலர்தான் என்பது. ஜெயித்தார். யாருக்குமே வெளியேறும் தைரியம் இல்லை. ஒருவேளை 1997-ல், வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டிருந்தபோது, டாலரோடு போட்ட முடிச்சை மெதுவாக அவிழ்த்திருக்கலாம். நன்றாக ஓடும்போது யார் அவிழ்ப்பார்கள்?

2001 மார்ச்சில் டெ லா ருவாவின் முதல் பொருளாதார அமைச்சர் விலகினார். அடுத்து வந்தவர் கல்விச் செலவை வெட்டப்போய், மாணவர்கள் தெருவில் இறங்க, இரண்டு வாரத்தில் கிளம்பினார். மார்ச் 20-ம் தேதி கவாயோவைக் கூப்பிட்டார்கள். எதிரணி ஆட்சியில் அமைச்சராக இருந்தவரை இந்த ஆட்சி கூப்பிட்டது! பூட்டியவருக்குத்தானே சாவி இருக்கும் என்று நினைத்தார்கள். கவாயோவுமே அப்படித்தான் நினைத்தார் என்று தோன்றுகிறது.

நாடாளுமன்றம் அவருக்குத் தனி அதிகாரங்கள் கொடுத்தது. வங்கிப் பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் வரி போட்டார். காசோலை வரி என்று அழைக்கப்படும் அது தற்காலிக ஏற்பாடாக வந்தது, இருபது வருடம் தாண்டியும் ஒழியவில்லை. பெசோவை டாலரோடு மட்டுமின்றி யூரோவோடும் சேர்த்துக் கட்டப்போகிறேன் என்றார். ஏற்றுமதியாளர்களுக்கு மட்டும் வேறு ஒரு மாற்று விகிதம் கொண்டுவந்தார். ஒப்புக்கொள்ளாத மத்திய வங்கித் தலைவரை மாற்றினார்கள். ஜூனில் கிட்டத்தட்ட 2,950 கோடி டாலர் கடன் பத்திரங்களைப் பின்னால் முதிரும் பத்திரங்களாக மாற்றினார். வட்டி ஏறத்தாழ 15 சதவீதம்! அந்த வட்டிக்குச் சம்மதிக்கும் அரசு திருப்பித் தராது என்று சந்தை சரியாகவே கணக்குப் போட்டது.

இந்த ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பத்து வருடமாக 'இதை யாரும் தொட முடியாது' என்று சொல்லி நம்பவைத்தவர் வாரத்துக்கு ஒரு தடவை தொட்டால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? யூரோ பேச்சை எடுத்த அன்றே சட்டத்தின் உயிர் போய்விட்டது என்பேன். அர்ஜென்டினாவுக்குக் கடன் கொடுப்பதில் உள்ள ஆபத்தைக் காட்டும் 'நாட்டு அபாயப் புள்ளி' கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி தினமும் டிவியில் ஓடியது. அவர் வந்தபோது ஆயிரத்தை ஒட்டி இருந்தது, டிசம்பரில் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஜூலையில் பற்றாக்குறையே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். வருமானம் எவ்வளவோ அவ்வளவுதான் செலவு. அதன்படி அரசு ஊழியர் சம்பளத்திலும், 500 பெசோவுக்கு மேற்பட்ட ஓய்வூதியத்திலும் 13 சதவீதம் வெட்டு. ஓய்வூதியத்துக்காக அன்று அவரை மடக்கிக் கேட்ட நோர்மா ப்ளா 1996-லேயே இறந்துவிட்டிருந்தார்.

மாகாண அரசுகளிடம் பெசோ தீர்ந்துபோனது. சொந்தமாகக் காகிதம் அச்சடித்துச் சம்பளம் கொடுத்தன. பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தின் காகிதத்துக்குப் படக்கோன் என்று பெயர். ஆசிரியருக்கும் போலீஸ்காரருக்கும் அதில்தான் சம்பளம். கடைக்காரர் வாங்குவாரா மாட்டாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம். மெக்டொனால்ட்ஸ் அதையும் வியாபாரமாக்கி, ஐந்து படக்கோனுக்கு ஒரு தனிச் சாப்பாட்டையே மெனுவில் சேர்த்தது. நோட்டே அடிக்கக் கூடாது என்ற சட்டம் இருந்த நாட்டில் நோட்டுக்குப் பதிலாகப் பத்துக்கும் மேற்பட்ட காகிதங்கள் உலாவின. அக்டோபர் நாடாளுமன்றத் தேர்தலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான வாக்குகள் செல்லாதவையாகவோ வெற்றாகவோ விழுந்தன. சிலர் வாக்குறையில் பின்லேடன் படத்தை வைத்துப் போட்டிருந்தார்கள்.

நவம்பர் 30, வெள்ளிக்கிழமை. அன்று ஒரே நாளில் நூறு கோடி டாலருக்கும் மேல் வங்கிகளிலிருந்து வெளியேறியது. அந்த ஆண்டில் போனதையெல்லாம் கூட்டினால் வைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மறுநாள் சனிக்கிழமை கவாயோ அறிவித்தார்: ஒருவர் தன் கணக்கிலிருந்து வாரத்துக்கு 250 பெசோதான் ரொக்கமாக எடுக்கலாம். தொண்ணூறு நாளைக்கு மட்டும். கார்டு, காசோலை, கணக்குக்குக் கணக்கு மாற்றம் எல்லாம் உண்டு, பணம் எங்கேயும் போகவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது என்றார். குழந்தையைப் போட்டுவைக்கும் சிறு அடைப்பான கொரலிட்டோவின் பெயரை இதற்கு வைத்துவிட்டார்கள்.

படித்தவர் கணக்குப்படி இதில் தப்பில்லை. பணம் வங்கிகளுக்குள்ளேயே சுற்றும், டாலராக மாறி வெளியே போகாது. ஆனால் அர்ஜென்டினாவில் வேலை பார்ப்பவர்களில் பெரும் பங்கினர் பதிவில்லாத கூலிகள். வீட்டு வேலைக்காரர், கொத்தனார், தெருவில் விற்பவர், வாரச் சம்பளக்காரர். அவர்களுக்கு வங்கிக் கணக்கே கிடையாது. முதலாளியால் ரொக்கம் எடுக்க முடியாவிட்டால் இவர்களுக்குக் கூலி கிடையாது. ஆக, வங்கிக்குள் ஒரு பெசோகூட வைத்திராதவன்தான் முதலில் பட்டினி கிடந்தான். நடுத்தர வர்க்கத்தின் கோபமும் ஏழையின் பசியும் ஒரே வாரத்தில் ஒன்று சேர்ந்தன.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டிசம்பர் 5-ம் தேதி சர்வதேச நிதியம் கொடுக்கவேண்டிய தவணையைக் கொடுக்க மறுத்தது. மாத நடுவில் புறநகரக் கடைகள் சூறையாடப்பட்டன. 19-ம் தேதி இரவு அதிபர் நெருக்கடி நிலை அறிவித்துப் பேசி முடிக்கும் முன்பே ஜனங்கள் பால்கனியில் நின்று பாத்திரத்தைத் தட்டத் தொடங்கினார்கள். தட்டிக்கொண்டே தெருவுக்கு வந்தார்கள். ஒரு கூட்டம் கவாயோ குடியிருந்த லிபெர்தாதோர் சாலைக் கட்டடத்தின் முன்னால் கூடியது. அன்று இரவே அவர் ராஜினாமா செய்தார். மறுநாள் டெ லா ருவா அரசு மாளிகையின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பினார். அந்த இரண்டு நாளில் நாடு முழுவதும் 39 பேர் உயிரிழந்தார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், உங்கள் கேள்விக்கும் அது தேவை. மக்களின் டாலர் சேமிப்பைப் பறித்தது கவாயோ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அவர் முடக்கினார். குறைந்த விகிதத்தில் பெசோவாக மாற்றியது அவர் இல்லை. இரண்டு வாரத்துக்குள் நாற்காலியில் ஐந்து பேர் மாறி, 2002 ஜனவரியில் அதிபரான எத்துவார்தோ துஆல்தே, டாலர் போட்டவர்களுக்கு டாலரே கிடைக்கும் என்று பதவியேற்பு உரையில் வாக்குக் கொடுத்தார். சில வாரங்களில் அந்த டாலர் வைப்புகள் டாலருக்கு 1.40 பெசோ என்ற விகிதத்தில் பெசோவாக மாற்றப்பட்டன. திறந்த சந்தையில் டாலர் அந்த ஆண்டின் நடுவில் நாலு பெசோவை நெருங்கியது. 2002-ல் பொருளாதாரம் 10.9 சதவீதம் சுருங்கியது, அக்டோபர் கணக்கெடுப்பில் 57.5 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். கவாயோ இன்றைக்கும் இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தான் தன்னை நியாயப்படுத்துகிறார். சட்டப்படி அவர் சொல்வது சரி. ஆனால் பெசோவில் சம்பாதித்து டாலரில் கடன்படும் நாட்டை உருவாக்கியவர், அந்தக் கட்டு அறுந்தபோது சேதம் என்னுடையதல்ல என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

எனவே பங்கு பிரிக்கச் சொன்னால் இப்படிப் பிரிப்பேன். 1991-ல் அவர் செய்தது அவசியமான வேலை, அன்று வேறு யாரும் செய்யக்கூடிய நிலையில் இல்லை. அமைதியான வருடங்களில் ஒரு வாசல் வைக்காமல் விட்டதில் அவருக்குப் பாதி, அவருக்குப் பின் வந்தவர்களுக்குப் பாதி. 2001-ல் நாடு எப்படியும் விழுந்திருக்கும். அந்த ஒன்பது மாத வித்தைகளால் விழுந்த உயரம் கூடியது, அது முழுக்க அவருடையது.

பிறகு என்ன ஆனார் என்றும் தெரிந்துகொள்ள ஆசைப்படுவீர்கள். 2002 ஏப்ரலில் கைதானார். கொரலிட்டோவுக்காக அல்ல. மெனெம் காலத்தில் குரோஷியாவுக்கும் ஈக்வடாருக்கும் ஆயுதங்கள் திருட்டுத்தனமாகப் போன வழக்கில். இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்பெடுத்தார். 2013-ல் சொந்த மாகாணமான கோர்டோபாவில் நாடாளுமன்றத்துக்கு நிற்கப் பார்த்தார், முதற்கட்டத் தேர்வுக்கு வேண்டிய 1.5 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. மெனெம் ஆட்சியில் உயரதிகாரிகளுக்கு ரகசியமாகக் கூடுதல் சம்பளம் கொடுத்த வழக்கில் 2015-ல் விசாரணை நீதிமன்றம் மூன்றரை ஆண்டு தண்டனை விதித்தது.

ஹாவியர் மிலெய் அதிபரானதும் கவாயோவுக்கு மறுபடி மதிப்பு வந்தது. அவரைப் போல ஒரு பொருளாதார அமைச்சர் இருந்ததில்லை என்று மிலெய் பலமுறை பாராட்டியிருந்தார். மகள் சோனியா கவாயோ அமெரிக்க நாடுகள் அமைப்புக்கான தூதரானார். எண்பதை நெருங்கும் கவாயோ தன் வலைப்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். பெசோ டாலருக்கு எதிராக அளவுக்கு மீறி வலுவாக நிற்கிறது, கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள், இது 90-களின் கடைசி வருடங்களை நினைவூட்டுகிறது என்ற ரீதியில் போயிற்று எழுத்து. மிலெய்க்குக் கோபம் வந்தது. 2025 ஜனவரியில் சோனியாவைத் தூதர் பதவியிலிருந்து நீக்கினார்கள். அதற்குப் பின்னும் கவாயோ எழுதுவதை நிறுத்தவில்லை.